வற்றாளைச் செய்கையில் இலாபம் எங்கே இருக்கிறது?

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பாணின் விலை சாதாரண மக்களின் கைக்கு எட்டாததாகியது. அவ்வருடம் செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகப் பதிவாகியது. தனக்குத் தேவையான கோதுமையை முற்றிலும் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் எமது நாட்டில், மரவள்ளியும் வற்றாளையும் வறியவரின் உணவு என்ற ஏளனம் அக்காலத்தில் ஓரளவு தணிந்தது எனலாம். எனினும், உண்பவருக்கு ஆறுதலளித்த இக்கிழங்கு பயிரிடுபவருக்கு இலாபம் தருமா என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியதாகும்.

சிறு விவசாயிக்கு வற்றாளை பொருந்துவதற்கு முதற்காரணம் அதன் குறைந்த செலவாகும். இதற்கு விதை வாங்க வேண்டியதில்லை. முதிர்ந்த கொடியின் நுனியிலிருந்து சுமார் 30 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டப்படும் துண்டே நடுகைப் பொருளாகும். 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரம்பு அமைத்து, வரம்பில் 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கரொன்றுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் தேவைப்படும். இவற்றை வெளியில் வாங்க முற்பட்டால் செலவு குறைந்த பயிர் என்ற பெயர் பொய்த்துவிடும். ஆகவே, நடுகைக்குச் சில மாதங்களுக்கு முன்னரே சிறியதொரு பாத்தியில் கொடிகளைப் பெருக்கிக்கொள்வது அவசியமாகும். 'வாரியப்பொல சிவப்பு' போன்ற விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு பெற்ற இனங்கள் குறித்துப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம்.

நீர் வடிந்து செல்லும் மணல் கலந்த மண் இதற்கு உகந்தது. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். யூரியாவை அள்ளிப் போட்டால் கொடி செழித்து வயலை மூடும்; பார்ப்பவர்களும் பாராட்டுவார்கள்; ஆனால் தோண்டும்போது விரல் பருமனில் வேர்களே மிஞ்சும். கிழங்கு திரள்வதற்குப் பொட்டாசியமே பெரிதும் உதவுகிறது.

இப்பயிரின் உண்மையான எதிரி கூன்வண்டு. எறும்பை ஒத்த தோற்றமும் செந்நிற மார்பும் கொண்ட இவ்வண்டு, மண்வெடிப்புகளினூடாகக் கிழங்கை அடைந்து முட்டையிடுகிறது. புழு குடைந்த கிழங்கு கசப்படைவதுடன் நச்சுத்தன்மையும் பெறுவதால் அதனைக் கால்நடைகளுக்கும் கொடுக்க முடியாது. கிழங்குக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் கிருமிநாசினி எட்டுவதில்லை என்பதை வியாபாரிகள் சொல்ல மாட்டார்கள். ஒரே நிலத்தில் தொடர்ந்து நடாதிருத்தல், முதிர்ந்த அடித்தண்டைத் தவிர்த்து நுனியை மாத்திரம் நடுதல், வெடிப்புகள் மூடப்படும் வண்ணம் மண் அணைத்தல், அறுவடையின் பின் எஞ்சும் கிழங்குகளையும் கொடிகளையும் அகற்றுதல் என்பனவே பயன் தரும். நெற்செய்கையுடன் மாறி மாறிப் பயிரிடும்போது வயலில் நிற்கும் நீரே வண்டின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திவிடுகிறது. பெரும்போக அறுவடையின் பின் வயலைத் தரிசாக விடுபவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

பயிர் மூன்றரை முதல் நான்கு மாதங்களில் அறுவடைக்கு வரும். விலை சரிந்திருக்கிறதென்று அதன் பின்னரும் கிழங்கை நெடுநாள் மண்ணிலேயே விட்டு வைத்தால் வண்டுக்கே விருந்தாகும். ஒரு கிராமத்தார் அனைவரும் ஒரே வாரத்தில் நட்டு ஒரே வாரத்தில் தோண்டினால் விலையைத் தீர்மானிப்பவர் லொறியுடன் வரும் மொத்த வியாபாரியாகவே இருப்பார். அரை ஏக்கர் வைத்திருப்பவர்கூட அதனை மூன்றாகப் பிரித்து மூன்று வார இடைவெளியில் நடுவாராயின், அறுவடையைச் சிறிது சிறிதாக உள்ளூர்ச் சந்தைக்கும் உணவகங்களுக்கும் நேரடியாகக் கொடுக்க முடியும். காயமற்ற கிழங்குகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் பரப்பி வைத்தால் தோல் இறுகித் தாக்குப்பிடிக்கும். குளிர்சாதனப் பெட்டி இதற்கு உகந்ததன்று.

செம்மஞ்சள் சதையுடைய இனங்களில் விற்றமின் ஏ சத்தாக மாறும் பீற்றா கரோட்டின் மிகுதியாக உண்டு. ஆபிரிக்க நாடுகளில் இவற்றைப் பரப்பிய விஞ்ஞானிகளுக்கு 2016 இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. பாடசாலை மாணவரின் காலை உணவுக்கு இத்தகைய கிழங்கு கொள்வனவு செய்யப்படுமாயின், விவசாயிக்கு நிச்சயமானதொரு வாடிக்கையாளர் கிடைப்பார்.