பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைப் பாருங்கள்

இரண்டு வயது முடியும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐம்பது சொற்களுக்கு மேல் வந்துவிடும். ‘அப்பா வா’, ‘பால் வேணும்’ என்று சேர்த்துப் பேசவும் தொடங்கிவிடும். இந்த இரண்டும் வராத குழந்தையை மருத்துவரிடம் காட்டவேண்டும். சில அறிகுறிகள் அதற்கும் முன்பே தெரியும். ஒரு வயதில் மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுவதோ, ‘டாட்டா’ காட்டுவதோ இல்லாமல் இருப்பது அவற்றில் ஒன்று. வந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் காத்திருக்கக் கூடாது.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பள்ளி செல்லும் வயதுக்குள் தாமாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை தேறும் என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. காத்திருப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

முதலில் செய்யவேண்டியது கேட்புப் பரிசோதனை. கதவு அறைந்தால் திரும்பிப் பார்க்கிறதே என்று பெற்றோர் இதைத் தள்ளிப்போடுவதுண்டு. உரத்த சத்தம் கேட்கும் காதுக்குப் பேச்சின் மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கியும் கேட்கும் திறன் குறையலாம். இது பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியது. ஓஏஇ என்னும் சோதனையில் காதுக்குள் சிறு முனையை வைத்து ஒலி அனுப்பி, உட்காது எழுப்பும் மறுஒலியைப் பதிவுசெய்கிறார்கள். வலி இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவைப்பட்டால், குழந்தை தூங்கும்போது கேட்பு நரம்பின் துலங்கலை அளக்கும் பெரா சோதனையும் செய்யப்படும். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தாலும் கேட்புக் குறை பின்னால் வரக்கூடும்.

அடுத்து, புரிதல். சைகை காட்டாமல் “செருப்பை எடுத்து வா” என்றால் குழந்தை எடுத்து வருகிறதா என்று பார்க்கவேண்டும். புரிந்துகொண்டும் பேசாத குழந்தை தேறும் வாய்ப்பு கூடுதல். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், தான் பார்த்ததைப் பிறருக்குச் சுட்டிக்காட்டாமலும் இருந்தால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடும் தேவை.

வீட்டில் இரண்டு மொழி புழங்குவது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. அதற்காகத் தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாறவேண்டியதில்லை. நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும் பேச்சு வராது. செல்போனைப் பொறுத்தவரை, இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருகின்றன. அவர்கள் கண்டறியும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மதிப்பீடும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர் குழந்தைக்குக் கற்பிப்பதைவிடப் பெற்றோருக்குக் கற்பிப்பதே அதிகம். ‘சொல்லு, சொல்லு’ என்று வற்புறுத்தாமல், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்வது, ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி வேணுமா’ என்று நீட்டிச் சொல்வது, சொன்னபின் பதிலுக்காகச் சில நொடி பொறுப்பது ஆகியவை அவர் பழக்கும் முறைகள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் இவற்றைச் செய்யலாம்.