திருடின காவி

யுத்தப் படம் என்றால் நமக்குத் தெரிந்தது டுமீல், டமால், ஒத்தை ஆளாக நூறு பேரைச் சாய்க்கும் ஹீரோ. இடைவேளையில் சமோசா. 1956-ல் ஜப்பானிய டைரக்டர் கோன் இச்சிகாவா எடுத்த 'பர்மிய யாழ்' பார்த்தால் சமோசா தொண்டையில் இறங்காது!

1945. பர்மாவில் தோற்றுப் பின்வாங்கும் ஒரு ஜப்பானியப் படைப்பிரிவு. கேப்டன் பாட்டுப் பிரியர். மிஸுஷிமா என்கிற சிப்பாய் யாழ் வாசிக்க, எல்லோரும் பாடுவார்கள். பிரிட்டிஷார் சுற்றி வளைத்த ராத்திரி, இருட்டிலிருந்து எதிரியும் அதே மெட்டில் பாட… யுத்தம் ஏற்கெனவே முடிஞ்சு போச்சு என்று தெரிகிறது.

மலைக்குகையில் இன்னமும் சுட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு ஜப்பானியப் பிரிவைச் சரணடைய வைக்க மிஸுஷிமா போகிறான். கெடு 30 நிமிஷம். 'கோழை' என்று திட்டுகிறார்கள். கெடு முடிய, பீரங்கி முழங்குகிறது.

பிழைத்த மிஸுஷிமாவைக் காப்பாற்றுகிறார் ஒரு பிக்கு. நம்மாள் என்ன செய்கிறான்? அவர் குளிக்கிற நேரம் பார்த்துத் துவராடையைத் திருடிக்கொண்டு கம்பி நீட்டுகிறான்! முடோன் முகாமில் இருக்கும் சகாக்களோடு சேர்ந்து ஊருக்குக் கப்பலேற வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

வேஷத்தை நம்பி ஜனங்கள் சோறு போட்டுக் கும்பிடுகிறார்கள். வழியெல்லாம் புதைக்க ஆளில்லாத ஜப்பானியப் பிணங்கள். முடோனில், பெயர் தெரியாத ஒரு ஜப்பானியச் சிப்பாயைப் பிரிட்டிஷ் நர்ஸுகள் பாடி அடக்கம் செய்வதைப் பார்க்கிறான். எதிரி செய்கிறான், நாம் ஓடுகிறோமே! திரும்பி நடக்கிறான். பிணங்களைப் புதைக்க!

சகாக்கள் ஒரு கிளிக்கு, "மிஸுஷிமா, ஜப்பானுக்குப் போகலாம் வா" என்று சொல்லக் கற்றுக்கொடுத்துத் தூது விடுகிறார்கள். அவனிடமிருந்து பதிலாக வருவதும் ஒரு கிளிதான். "வர முடியாது" என்கிறது. திருடின காவி நிஜக் காவியாகிவிட்டது. படம் கறுப்பு வெள்ளை. நிறத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, அவன் நடையில்தான் தெரியும். இசை, 1954-ல் 'காட்ஸில்லா'வுக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே!

ஆனால் ஒன்று நெருடுகிறது. முடோனுக்குத் தெற்கே இருக்கிறது தான்பியூசயாத். 1943-ல் ஜப்பானிய ராணுவம் போட்டு முடித்த சயாம்-பர்மா ரயில் பாதையின் பர்மா முனை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையோரம் செத்தார்கள். படத்தில் அவர்களைப் பற்றி மூச்சே இல்லை.

மிஸுஷிமா இன்னும் கொஞ்ச தூரம் தெற்கே நடந்திருக்கலாம்.