"பார்த்துப் போட்டுக்கொடுங்க தம்பி!"

வைகாசி முகூர்த்தத்துக்கு மாசியிலேயே விசாரணை தொடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் கல்யாண போட்டோகிராபர் அனுப்பும் பதில் பெரும்பாலும் இரண்டு வரிதான்: "மேரேஜ், ரிசப்ஷன், கேண்டிட், வீடியோ, 2 ஆல்பம், ட்ரோன் ஃப்ரீ. 45,000." உடனே பெண்ணின் தாய்மாமன் போனில் வருவார். "பார்த்துப் போட்டுக்கொடுங்க தம்பி, அடுத்த பொண்ணுக்கும் நீங்கதான்." 45,000 அங்கேயே 38,000 ஆகும். அட்வான்ஸ் 5,000 ஜிபேயில் வந்துவிடும். மீதி? "ஆல்பம் வந்ததும் மொத்தமா செட்டில் பண்ணிடுறோம்."

இந்தப் பேச்சே சட்டப்படி ஒப்பந்தம்தான், வாய்ப்பேச்சானாலும் செல்லும். சிக்கல் பேசாமல் விட்டவற்றில் இருக்கிறது. அந்த இடங்களைச் சட்டம் தானே நிரப்பிக்கொள்கிறது, நிரப்பும்போது பல சமயம் பணம் கொடுப்பவர் பக்கம் சாய்கிறது.

முதலில் ரேட். கேமரா, லென்ஸ், ஃப்ளாஷ், எடிட்டிங் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து 5 லட்சம், ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம்: வருடத்துக்கு 1 லட்சம். கடை வாடகை, கரண்ட், ஹார்ட் டிஸ்க், இன்சூரன்ஸ் இன்னொரு லட்சம். வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டுமென்றால் அது 3,60,000. ஆக 5,60,000. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபத்தில் நிற்கவும் முடியாது. வருடத்துக்கு 35 கல்யாணம் கிடைத்தால், ஒவ்வொன்றின் தலையிலும் 16,000 ஏறுகிறது. இரண்டாவது கேமராமேன் சம்பளம், எடிட்டிங் கூலி, ஆல்பம் பிரிண்ட், பெட்ரோல் எல்லாம் 25,000 என்றால் அடக்கமே 41,000. தாய்மாமனுக்காக இறங்கிய 38,000-இல் 3,000 கைநஷ்டம். ஆர்டர் பிடித்த சந்தோஷத்தில் இது தெரியாது.

அந்த "ட்ரோன் ஃப்ரீ"யும் இலவசமில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய சிவப்பு மண்டலத்தில் மண்டபம் இருந்தால் அனுமதியில்லாமல் பறக்கவே விடக் கூடாது. ரேட் சொல்லுமுன் மண்டபத்தின் முகவரியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தொழிலில் பலர் தலைகீழாக நம்பிக்கொண்டிருப்பது பதிப்புரிமை விஷயத்தை. "எடுத்தவன் நான், படம் என்னுடையது" என்பார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வது வேறு: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவரே. ஆகவே மணப்பெண்ணின் படத்தைக் கடை வாசலில் ஃபிளெக்ஸ் போடவும் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் விடவும் எழுத்தில் சம்மதம் வேண்டும். உரிமை தன்னிடமே இருக்கவேண்டும் என்று விரும்பும் போட்டோகிராபர் அதைக் கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். படம் எங்கேயும் வெளியே போகக் கூடாது என்று கேட்கும் குடும்பத்துக்குத் தனி ரேட் சொன்னாலும் தப்பில்லை.

அடுத்தது அட்வான்ஸ். "கேன்சல் செய்தால் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். சின்னத் தொகையென்றால் நிற்கும். பாதிப் பணத்தை வாங்கி முழுவதையும் அமுக்கிக்கொள்ள ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு விடுவதில்லை. நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கில், சொத்து விற்பனை முறிந்ததும் விற்றவர் அதுவரை வாங்கிய 25,000 ரூபாய் முழுவதையும் பறிமுதல் செய்யப் பார்த்தார். முன்பணமான 1,000 ரூபாயைப் பறிமுதல் செய்ய மட்டுமே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே தேதிக்குக் கேட்ட இன்னொரு பார்ட்டியைத் திருப்பி அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்தால், நஷ்டத்தைக் காட்ட அது கைகொடுக்கும்.

பெரிய பட்ஜெட் கல்யாணங்களில் வேறொரு பள்ளம் இருக்கிறது. 2017 ஏப்ரல் முதல், ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று பிரித்து வாங்கினாலும் கல்யாணம் ஒன்றுதான். அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே விதிக்கலாம்.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பொதுவான வரி 18 சதவீதம். "50,000 ஆல் இன்" என்று வாய்விட்டால் அதில் 7,627 ரூபாய் அரசுக்குப் போகும். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி போடக் கூடாது.

மெமரி கார்டு பழுதாகித் தாலி கட்டும் படமே போய்விட்டால்? குடும்பம் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. "நாங்கள் பொறுப்பல்ல" என்ற பொடி எழுத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. இரட்டைக் கார்டு கேமராவும் அன்றிரவே எடுக்கும் பேக்கப்பும் ரேட்டுக்குள் அடங்கவேண்டிய செலவுகள்.

ரேட்டை அடித்துக் குறைப்பவர்களைத் தடுக்க, சங்கம் கூடிக் குறைந்தபட்சக் கட்டணம் வைத்துவிடலாமே என்ற பேச்சு அடிக்கடி எழும். ஆதங்கம் புரிகிறது, ஆனால் 2002 போட்டிச் சட்டம் அதைக் கூட்டு விலை நிர்ணயமாகவே பார்க்கும். மருந்து வணிகர் சங்கங்கள் மீது போட்டி ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது. அடக்கக் கணக்கு போடும் முறையைச் சங்கம் கற்றுத்தரலாம். ரேட்டை அவரவர்தான் முடிவு செய்யவேண்டும்.

பாக்கிப் பணத்துக்கு வழிகள் உண்டு. ஈவென்ட் நிறுவனத்துக்கு வேலை செய்பவர் சிறு தொழில்களுக்கான இலவச உத்யம் பதிவை முன்பே எடுத்துவைத்தால், 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கும் நிறுவனத்திடம் கூட்டு வட்டியோடு கேட்கலாம். வீட்டுக்காரர்களிடம் பாக்கி என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, லோக் அதாலத்தில் நீதிமன்றக் கட்டணமில்லாமல் பேசி முடிக்கலாம். ஒத்துவராவிட்டால் சிவில் வழக்கு. பணம் தரவேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போடவேண்டும். அந்த நாள் எது என்று காட்டத்தான், "மீதி 33,000, ஆல்பம் பிரிண்டுக்குப் போகுமுன்" என்று கொட்டேஷனில் எழுதி, தாய்மாமனிடமே ஒரு "ஓகே" வாங்கி வைப்பது.