நாயின் அகவை

நாயின் ஓராண்டு மனிதனின் ஏழாண்டுக்குச் சமம் என்பது நெடுநாள் வழக்கு. ஆயின், ஓராண்டு நிரம்பிய பெண்ணாய் குட்டி ஈனவல்லது. ஏழாண்டுச் சிறுமியோ பால்மணம் மாறாதவள். கணக்கு அங்கேயே பிழைத்துவிடுகின்றது.

அகவை ஏற ஏற, கலங்களிலுள்ள டி.என்.ஏ.யின் சில இடங்களில் மெதைல் கூட்டங்கள் ஒட்டுகின்றன. சில இடங்களில் விலகுகின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சான் டியேகோ ஆய்வாளர்கள் 104 லாபிரடோர் நாய்களின் குருதியில் இம்மாற்றத்தை அளந்து, மனிதரோடு ஒப்பிட்டு, 2020இல் வெளியிட்டனர். நாயின் அகவைக்குரிய இயற்கை மடக்கையை 16ஆற் பெருக்கி, 31ஐக் கூட்டுக. ஓராண்டு நாய்க்கு 31. நான்காண்டு நாய்க்கு 53. பன்னீராண்டு நாய்க்கு 71. முதுமை முதலில் ஓடுகின்றது, பின்னரே நடக்கின்றது.

பிற சாதி நாய்களுக்கு இஃது அப்படியே பொருந்தாது; பெருநாய்கள் சிறுநாய்களினும் விரைந்து மூப்படைவன. எம் முற்றத்து ஊர்நாய்க்கு அகவை பத்து, முகம் நரைத்துவிட்டது. எழுபதென்று வருந்தியிருந்தேன், லாபிரடோர்க் கணக்கோ 68 என்கின்றது. பெருந்தேறுதலன்று.