நடுக்குவாத அசதிக்கு அக்குபங்சர்

ஊசி வைத்தியம் அசதியைப் போக்குமா என்று நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பார்க்கின்சன் நோயில் கைநடுக்கம் வெளியே தெரியும்; அசதி தெரியாது. அதைச் சோம்பல் என்று வீட்டில் கடிந்துகொள்கிறோம். உண்மையில் அதுவும் நோயின் ஒரு பகுதியே.

அமெரிக்காவில் 94 நோயாளிகளிடம் 6 வாரம் செய்து பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு உண்மை ஊசி, மற்றவர்களுக்குப் போலிச் சிகிச்சை. இரு பிரிவினருக்கும் அசதி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது! ஆகவே, தேறிய பெருமை ஊசிக்கே உரியது என்று சொல்வதற்கில்லை.

விரும்பினால் செய்துகொள்ளலாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. தூக்கக்குறைவு, இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றையும் டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள். அதற்கும் முன்பாக, பெரியவரைச் சோம்பேறி என்று சொல்வதை நிறுத்துங்கள்.