மாதிரிப் புகையிரதப் பாதையும் கட்டற்ற மென்பொருளும்

பெரியதொரு பொருளின் இயல்பைச் சிறிய வடிவிலே கண்டு மகிழ்தல் மக்களுக்குத் தொன்றுதொட்டு உள்ள விருப்பமாகும். தேரோட்டங் கண்ட சிறுவன் சிறுதேர் உருட்டினான். புகையிரதங் கண்ட சிறுவன் அதனையும் சிறிதாக்கி ஓட்ட விழைந்தான். 1891 ஆம் ஆண்டு ஜேர்மனியிலே, லைப்சிக் நகரச் சந்தையில், மார்க்ளின் நிறுவனத்தார் துண்டு துண்டாகச் சேர்க்கத்தக்க தண்டவாளங்களோடு கூடிய விளையாட்டுப் புகையிரதத்தைக் காட்சிக்கு வைத்தனர். 1935 இல் அமெரிக்காவிலே தேசிய மாதிரிப் புகையிரதச் சங்கம் தோன்றியது. வெவ்வேறு நிறுவனத்தாரின் வண்டிகளும் தண்டவாளங்களும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அது பொது அளவுகளை வகுத்தது. விளையாட்டாகத் தோன்றிய இக்கலை இன்று கணிதம், பௌதிகம், மரவேலை ஆகியவற்றை ஒருங்கே பயிற்றுவிப்பதாய் வளர்ந்துள்ளது.

இக்கலையில் முதற்கண் வேண்டுவது பாதையின் திட்டப்படம். முன்னாளிலே கவராயமும் அளவுகோலுங் கொண்டு வரையப்பட்ட அப்படம் இந்நாளிலே கணினியில் வரையப்படுகின்றது. அதற்கென அமைந்த மென்பொருள்கள் பல. பொருளைச் செலவிடாது பெறத்தக்கவற்றுள் எதனைத் தெரிந்தெடுத்தல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

திட்டப்படத்தின் இன்றியமையாமை

மாதிரிகளுள் பெரிதும் வழங்குவது எச்.ஓ. எனப்படும் அளவு. அது உண்மைப் பொருளின் 87 இல் ஒரு பங்கு. உலகிற் பெருவழக்காயுள்ள 1435 மில்லிமீற்றர்ப் பாதை இவ்வளவில் 16.5 மில்லிமீற்றர் ஆகும். என். எனப்படுவது 160 இல் ஒரு பங்கு; அதன் பாதை 9 மில்லிமீற்றர்.

இனி, 23 மீற்றர் நீளமான பயணிகள் பெட்டியொன்றை எச்.ஓ. அளவிற் செய்தால் அது ஏறக்குறைய 264 மில்லிமீற்றர் நீளும். வளைவின் ஆரை மிக நீண்ட பெட்டியின் நீளத்தைப் போல் மும்மடங்காவது இருத்தல் நன்று என்பது அனுபவமுடையோர் கொள்ளும் விதி. எனவே ஆரை 793 மில்லிமீற்றர். முழு வட்டத்தின் விட்டமோ 1586 மில்லிமீற்றர். கடையில் வாங்கும் ஒட்டுப்பலகையின் அகலம் 4 அடி, அதாவது 1219 மில்லிமீற்றரே. அவ்வட்டம் அப்பலகையில் அடங்காது. என். அளவிலாயின் விட்டம் 862 மில்லிமீற்றராய்ச் சுருங்கி எளிதில் அடங்கும்.

ஏற்றத்தின் நிலையும் இத்தகையதே. ஒரு பாதையின்மேல் மற்றொன்று பாலமாய்க் கடப்பதற்கு எச்.ஓ. அளவில் 75 மில்லிமீற்றர் உயரம் வேண்டுமெனக் கொள்வோம். நூற்றுக்கு இரண்டு என்னும் சாய்வில் அவ்வுயரத்தை எய்த 3750 மில்லிமீற்றர், அதாவது 12 அடிக்கும் மேற்பட்ட நீளம் வேண்டும். பாதை பிரியும் இடத்தில் வைக்கும் பொயின்ற் ஒன்றைக் கைப்படத்திலே இருவிரல் நீளத்தில் வரைந்துவிடுகிறோம். பெக்கோ நிறுவனத்தாரின் நடுத்தர அளவுப் பொயின்ற் 219 மில்லிமீற்றர் நீளமுடையது. கைப்படம் இடங்கொடுக்கும், பலகை இடங்கொடாது. பலகையை அறுத்தபின் இவ்வுண்மையை உணர்வதிற் பயனென்ன?

இலவசமும் கட்டின்மையும்

ஆங்கிலத்திலே 'ஃபிரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் உரிமையையும் குறித்து மயக்கந் தருகின்றது. தமிழில் அம்மயக்கம் இல்லை. விலையின்றிக் கிடைப்பது இலவச மென்பொருள். எந்நோக்கத்துக்கும் பயன்படுத்தவும், ஆராய்ந்து திருத்தவும், பிறர்க்கு வழங்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். றிச்சாட் ஸ்டோல்மன் 1985 இல் நிறுவிய கட்டற்ற மென்பொருள் நிறுவகம் இவ்வுரிமைகளையே வற்புறுத்துகின்றது. அவற்றைக் காக்கும் ஜி.பி.எல். என்னும் உரிமப் பத்திரம் 1989 இல் முதன்முதல் வெளிவந்தது.

இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. மாதிரிப் பாதையொன்று பல ஆண்டுகள் வளர்வது; பாடசாலைக் கழகமொன்றிலாயின் ஓரணி மாணவர் தொடங்கியதை மற்றோரணியினர் தொடர்வர். விலையில்லாப் பதிப்பு நாளை விலையுடையதாகலாம். அன்றி, செய்தோர் அதனைக் கைவிடலாம். அக்காலத்திலே பழைய படத்தைத் திறக்கவியலாதாயின் முன்னோர் உழைப்பு வீணாகும். பூட்டும் சாவியும் பிறர்கையில் இருக்கும் பெட்டகத்தில் நம் பொருளை வைப்பது போன்றது அது.

மென்பொருள்கள் சில

எக்ஸ்ராக்கேட் என்பது முன்னர் விலைக்கு விற்கப்பட்டுப் பின்னர் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் விடுவிக்கப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மக்கின்ரொஷ் ஆகிய மூவகைக் கணினியிலும் இயங்குவது. தண்டவாளத் துண்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்கு மெல்ல மெல்ல இட்டுச்செல்லும் மாறுநிலை வளைவையும் இதில் வரையலாம், சாய்வைக் கணிக்கலாம், படத்தின்மீது வண்டியை ஓட்டியும் பார்க்கலாம். இதன் கோப்பு வெறும் எழுத்துருவில் அமைந்தமையால் எந்த எழுதியிலும் திறந்து படிக்கத்தக்கது. கற்பதற்குச் சிறிது பொறுமை வேண்டுமென்பதே இதன் குறை.

ஸ்காம் என்பது விண்டோசில் இயங்குவது; கற்க எளிது; அமைப்பை முப்பரிமாணத்திலுங் காட்டும். எனினும் பதிவுசெய்யாதார்க்கு 100 தண்டவாளங்கள் என்னும் வரம்புண்டு. எனிறெயில் என்பதும் எளிமையாற் புகழ்பெற்றது. அதன் விலையில்லாப் பதிப்பு 50 துண்டுகளோடு நின்றுவிடும். சிறுமேசைக்கு இவை போதுமாயினும் வளரும் பாதைக்குப் போதா. ரெம்பிளொற் என்பது தண்டவாளத்தைத் தம் கையாலேயே ஆக்குவோர்க்கு உரியது. பொயின்றுகளின் உருவை முழு அளவில் அச்சிட்டுத் தரும்.

தெரிந்தெடுக்கும் முறை

முதலாவதாக, தம் கணினியில் அஃது இயங்குமா எனக் காண்க. இரண்டாவதாக, தாம் வாங்கவிருக்கும் தண்டவாளங்கள் அதன் பட்டியலில் உளவா என நோக்குக; பிற நிறுவனத்தாரின் துண்டுகளால் வரைந்த படம் பலகைமேற் பொருந்தாது. மூன்றாவதாக, துண்டு வரம்பையும் சாய்வுக் கணிப்பையும் வினவுக. நான்காவதாக, முழு அளவில் அச்சிட்டுப் பலகைமேல் விரித்துப் பார்க்க இயலுமா என அறிக. இறுதியாக, கோப்பைப் பிற வடிவத்துக்கு மாற்ற இயலுமா என ஆராய்க.

நம் நாட்டுப் புகையிரதத்தை மாதிரியாக்க விழைவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர். அஃது எச்.ஓ. அளவிலே 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்படும். கடைகளிற் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர்த் தண்டவாளம் அதற்கு ஒடுங்கியதாகும். வண்டிகளை 102 இல் ஒரு பங்காக ஆக்கின் அத்தண்டவாளமே ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். அளவுத்திட்டத்தைத் துணிந்த பின்னரே மென்பொருளைத் திறத்தல் வேண்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மென்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் சிந்தனையின் இடத்தை நிரப்பாது. மேசையின் அகலம் கைக்கெட்டும் தூரத்தைக் கடந்தால் தடம்புரண்ட வண்டியை எடுப்பது எங்ஙனம்? ஈர்தண்டவாள மின்முறையிலே பாதை சுழன்று தன்னையே மீண்டும் சேருமிடத்துக் குறுஞ்சுற்று நேரும். அவ்விடத்தைத் தனிப்படுத்துவது எங்ஙனம்? வண்டி எங்கிருந்து எதனை ஏற்றி எங்கே செல்கின்றது? இவற்றை வரைவோனே முன்னர் வினவி விடை காணவேண்டும்.

ஆகவே, சிறிதாய் ஒருமுறை செய்து பார்ப்போர் எளிய இலவச மென்பொருளொன்றைக் கொள்ளலாம். கழகமாய்க் கூடி ஆண்டுதோறும் வளர்க்க எண்ணுவோர் கற்றற்குச் சற்று அரிதாயினும் கட்டற்றதனையே கொள்ளுதல் நலம். கற்கும் உழைப்பு ஓராண்டினது. திறந்த கோப்பின் பயனோ பின்வருவோர் அனைவரதும் ஆகும்.