புகை ஆறாமல் வெளியேற வேண்டும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் விறகு அடுப்புப் பிரியாணிக்கு இன்னும் மவுசு குறையவில்லை. புதிதாக அடுப்பு போடுகிறவர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது இதுதான்: "நம்ம ஊர் வெயிலுக்குப் புகைக்குழாய் மேல செராமிக் வூல் எதுக்குங்க?"

பொறுமையாகப் பார்ப்போம். சூடான புகை லேசானது. அது மேலே ஏற ஏற, அடுப்பின் வாய்வழியே புதுக்காற்று உள்ளே வரும். அந்த இழுவை இருந்தால்தான் விறகு நின்று எரியும். புகை பாதி வழியில் ஆறினால் இழுவை தளரும். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், புகையில் உள்ள நீராவியும் தாரும் குழாயின் உட்புறத்தில் கறுப்புப் பிசினாகப் படியும். அதில் தீப்பிடித்தால் குழாய்க்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தொடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை கூரைக்கு மேலே நிற்கும் குழாயைக் குளிரவைக்கும். ஈர விறகும் சேர்ந்தால் பிசின் வேகமாக ஏறும். ஆகவே அந்தப் பகுதிக்குத்தான் சூட்டைக் காக்கும் செராமிக் வூல் முதலில் தேவை. அதற்கு மேல் மழை புகாதபடி தகட்டு உறை போடுங்கள். வூல் நனைந்தால் சூட்டைக் காக்காது.

அடுத்தது இணைப்புகள். ஓட்டை இருந்தால் புகை வெளியே கசியும் என்றே நினைக்கிறோம். இழுவை நன்றாக இருக்கும்போது, ஓட்டை வழியே வெளிக்காற்றுதான் உள்ளே புகும், புகையை ஆற்றும். அடுப்பு எரியும்போது ஊதுபத்தியை இணைப்பருகே பிடியுங்கள். பத்திப்புகை உள்ளே இழுபட்டால் அங்கே சந்து இருக்கிறது. சாதாரண சிமெண்ட் சூட்டில் வெடித்துவிடும். ஃபயர் கிளே பூசுங்கள். மேல்குழாயின் நுனி கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருக்கட்டும். பிசின் ஒழுகினாலும் உள்ளேயே இறங்கும்.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சட்டம், கீற்று, தார்ப்பாய்க்கும் இடையே குறைந்தது 18 அங்குலம் இடைவெளி விடுங்கள்.

மத்திய அரசு 1983-ல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் நாடெங்கும் புகைக்குழாய் வைத்த அடுப்புகளைக் கொண்டுபோனது. கரி அடைத்த குழாயைச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் பல வீடுகளில் அவை கைவிடப்பட்டன. அதனால் குழாயின் அடியில் திறந்து மூடும் மூடி ஒன்று வையுங்கள். உள்ளே பிரஷ் விட்டுக் கரியைத் தள்ளலாம்.

குழாய் அடைத்தால் சமையற்கட்டில் தங்குவது புகை மட்டுமில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் மாஸ்டரால் அதைக் கண்டுகொள்ள முடியாது. அவர் உயிருக்குக் காவல் இந்தக் குழாய்தான். இதில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள்.